எத்தனை வாரம்?

2020 மே 10, ஞாயிற்றுக்கிழமை காலை. கொச்சித் துறைமுகத்தில், வெலிங்டன் தீவுக் கரையில் 'ஐ.என்.எஸ். ஜலாஷ்வா' வந்து நின்றது. மாலத்தீவிலிருந்து 698 பேர். பாதிக்கு மேல் கேரளத்தவர்கள். தமிழ்நாட்டவரும் கணிசமாக இருந்தார்கள். கொரோனா முடக்கத்தில் வேலையும் விமானமும் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தவர்கள். கரையில் முழு அங்கி அணிந்த ஊழியர்கள், உடல் சூடு பார்க்கும் கருவிகள், மேஜை மேஜையாகப் படிவங்கள். இறங்கியவர்களில் 19 பேர் கர்ப்பிணிகள்.

கர்ப்பிணியைப் பார்த்ததும் மேஜைக்குப் பின்னால் இருப்பவர் கேட்கும் கேள்வி உலகம் முழுக்க ஒன்றுதான்: "எத்தனை வாரம்?" பயணம் செய்ய விடலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டுமா எல்லாமே அந்த எண்ணைப் பொறுத்தது. ஜலாஷ்வாவில் வந்த ஒரு பெண்ணுக்கு அன்றே கொச்சியில் குழந்தை பிறந்தது. அன்று அன்னையர் தினம் என்பதால் பத்திரிகைகளுக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

தமிழில் கணக்கு எளிது. பத்து மாதம் சுமப்பது. மாதத்துக்கு 28 நாள் என்று வைத்துக்கொண்டால் 280 நாள். டாக்டர்களின் 40 வாரமும் அதே 280 நாள்தான். சிக்கல் எண்ணத் தொடங்கும் நாளில் இருக்கிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், "கடைசியா எப்பம்மா குளிச்சே?" என்று கேட்பார். பதில் பல சமயம் தேதியாக வராது. "எங்க ஊர்த் தேர் அன்னிக்கு" என்று வரும். அல்லது ஒரு வெட்கச் சிரிப்பு வரும்.

நினைவு கைவிட்டால் ஸ்கேன். முதல் மூன்று மாதங்களுக்குள் வந்துவிட்டால் பிழை குறைவு. அப்போது எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறது. தலையிலிருந்து இடுப்புவரை அளந்தால் போதும். ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம் என்று தாமதமாக வருகிறவர்கள் விஷயம் வேறு. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் என்று அளந்து, அவற்றை ஒரு ஃபார்முலாவில் போட்டு மெஷின் வாரத்தைச் சொல்லும். அதற்குள் தாயின் உயரமும் சாப்பாடும் பரம்பரையும் குழந்தையின் உடம்பில் எழுதப்பட்டுவிடுகின்றன. மெஷினுக்குள் பெரும்பாலும் இருப்பது ஹாட்லாக் என்ற டாக்டரின் ஃபார்முலா. 1984இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில், அங்கத்திய நடுத்தர வர்க்க வெள்ளைக்காரப் பெண்களின் சில நூறு கருக்களை அளந்து உருவாக்கியது. கொச்சியிலும் மதுரையிலும் அதே கணக்குத்தான். மெஷினுக்குள் ஒளிந்திருப்பதால் அதன் ஊர் எது என்று யாருக்கும் தெரிவதில்லை.

ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் என்ன? 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். அதற்கும் முன்னால் வலி எடுத்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஊசி போட வேண்டும். போடலாமா கூடாதா என்பதை வாரம்தான் சொல்லும். எடை குறைந்து பிறந்த குழந்தை அவசரப்பட்டு வந்ததா, வயிற்றுக்குள்ளேயே பட்டினி கிடந்ததா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இந்த இடத்தில்தான் சென்னை ஐ.ஐ.டி. வருகிறது. மருத்துவக் கல்லூரி இல்லாத, என்ஜினீயர்களின் கோட்டை. அங்கே உயிரித் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த ஹிமான்ஷு சின்ஹாவின் குழு ஃபரிதாபாத்தின் டி.எச்.எஸ்.டி.ஐ. என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்துடன் கை கோத்தது. அந்த நிறுவனம், டாக்டர் ஷிஞ்ஜினி பட்நாகரின் தலைமையில், ஹரியானாவின் குர்கான் அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளை 2015 முதல் பதிவு செய்து பின்தொடர்ந்துவந்தது. திட்டத்தின் பெயர் 'கர்ப்-இனி'. பெண்களின் எண்ணிக்கை 8,000ஐத் தாண்டி வளர்ந்தது. திரும்பத் திரும்ப ஸ்கேன், ரத்தம், பிரசவம், பிறந்த குழந்தை எல்லாம் பதிவாகின. ஐ.ஐ.டி. தன் பங்குக்கு என்ன கொடுத்தது? 'செயற்கை அறிவு' என்றதும் நினைவுக்கு வரும் பெரிய கம்ப்யூட்டர்கள் அதில் சிறு பங்குதான். தன் தரவு அறிவியல் மையத்தின் நிதியைக் கொடுத்தது. அதைவிட முக்கியமாக, புள்ளிவிவரம் தெரிந்தவரும் உயிரியல் தெரிந்தவரும் டாக்டரும் ஒரே மேஜையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்க இடம் கொடுத்தது. உடனடி லாபம் தராத இப்படிப்பட்ட பொறுமையை ஒரு கம்பெனியிடம் எதிர்பார்ப்பது கஷ்டம்.

முதலில் கிடைத்தது கண்டுபிடிப்பு அல்ல, ஓர் அதிர்ச்சி. முதல் மூன்று மாத ஸ்கேன்களை வெவ்வேறு ஃபார்முலாக்களில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றின்படி குறைப்பிரசவம் 11.27 சதவிகிதம். இன்னொன்றின்படி 16.5. அதே பெண்கள், அதே குழந்தைகள், அதே ஆஸ்பத்திரி. ஃபார்முலா மட்டும் வேறு. நூறில் ஐந்து குழந்தைகள் 'குறைமாதக் குழந்தை' ஆவதும் ஆகாமல் போவதும் மெஷினுக்குள் யாருடைய கணக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்திருந்தது. 2021இல் இந்த ஆய்வு வெளியானது. இந்தியாவில் குறைப்பிரசவம் இத்தனை சதவிகிதம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

அடுத்ததாகத் தாமதமாக வருகிறவர்களுக்கான கணக்கு. 'கர்ப்பிணி ஜி.ஏ.2' என்ற அந்த மாதிரியை 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். இந்தியக் கருக்களின் அளவுகளைக் கொடுத்து, எந்த அளவுக்கு எத்தனை கனம் தர வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரையே தேடிக் கண்டுபிடிக்க வைத்த ஃபார்முலா. குர்கானில் செய்ததை குர்கானிலேயே சோதித்துச் சபாஷ் போட்டுக்கொள்ளவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரியின் ஒரு மருத்துவக் கல்லூரியும் முயற்சியில் சேர்ந்தன. தென்னிந்தியப் பெண்களின் ஸ்கேன்களிலும் பார்த்தார்கள். ஹாட்லாக் கணக்கோடு ஒப்பிட்டால் பிழை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்கிறார்கள்.

வெலிங்டன் தீவுக்கு இந்தப் பாடம் பழையது. இந்தத் தீவின் பெரும்பகுதி கடவுள் படைத்தது அல்ல. காயலின் அடியிலிருந்து தோண்டிய மண். சென்னை மாகாண கவர்னராக இருந்த வெலிங்டன் பிரபுவின் காலத்தில், 1920இல் வந்து சேர்ந்த என்ஜினீயர் ராபர்ட் பிரிஸ்டோ உடனே தோண்டிவிடவில்லை. கரையையும் மணல் திட்டையும் பருவக்காற்றையும் அளந்துகொண்டிருந்தார். இங்கிலாந்துத் துறைமுகக் கணக்கு இந்தச் சேற்றுக்குப் பொருந்தாது என்று தெரிந்திருக்க வேண்டும். 'பத்மா' என்ற முதல் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தபோது 1928 ஆகிவிட்டது.

சேற்றை அளக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மனிதர்களை அளக்க வேண்டும். ஜலாஷ்வா வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, 2020 ஏப்ரல் 24இல், தீவுக்கு எதிர்க்கரையில் எர்ணாகுளத்திலிருக்கும் கேரள உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. கொரோனா கண்காணிப்புக்காகத் திரட்டிய மக்களின் விவரங்களை 'ஸ்பிரிங்க்ளர்' என்ற அமெரிக்க நிறுவனத்திடம் மாநில அரசு ஒப்படைத்திருந்த விவகாரம். பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், இனி விவரம் தருகிறவர்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்றது நீதிமன்றம். அவசரத்தில் இதெல்லாம் எதற்கு என்று அப்போது சலித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் 'கர்ப்-இனி' போன்ற ஆய்வு நடப்பதே இந்தச் சம்மதத்தின் பேரில்தான். ஒரு பெண் கையெழுத்துப் போட்டு, மறுபடியும் மறுபடியும் வந்து ஸ்கேன் மேஜையில் படுத்தால்தான் ஐ.ஐ.டி.யின் கம்ப்யூட்டருக்கு வேலை. ஒருமுறை ஏமாந்தவள் அடுத்த முறை வரமாட்டாள்.

புதிய கணக்கு நாடு தழுவிய சோதனைக்குப் பிறகே ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் என்று அறிவிப்பின்போது சொன்னார்கள். அதில் பங்கேற்றவையாகச் சொல்லப்பட்ட மருத்துவமனைகளில் கேரளத்தைச் சேர்ந்தது எதுவும் இல்லை. பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில் நடக்கும் மாநிலம் அது. ஜலாஷ்வாவிலிருந்து இறங்கிய 19 பேரின் குழந்தைகளைப்போல எத்தனையோ குழந்தைகளின் அளவுகள் அங்கே ஃபைல்களில் கிடக்கின்றன. சென்னையில் ஒரு முன்னாள் மாணவர் கொடுத்த 110 கோடி ரூபாயில் 2024இல் ஐ.ஐ.டி. செயற்கை அறிவுக்கென்றே தனிப் பள்ளி தொடங்கியிருக்கிறது. அந்தப் பணத்தில் கொஞ்சமாவது இந்த ஃபைல்கள்வரை வர வேண்டும்.

தீவிலிருந்து படகேறினால் மட்டாஞ்சேரி. அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கோட்டைக் கொச்சியின் சலவைத்துறையில் இன்றும் தமிழ் கேட்கிறது. அங்கே ஒரு பெண் ஐந்தாம் மாதத்தில் முதன்முதலாக ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் தேதி கேட்பார். "ஆடிப் பெருக்குக்கு நாலு நாள் முன்னாடி" என்பாள். மலையாள நர்ஸுக்கு ஆடி என்றால் கர்க்கடகம். அவர் சுவரில் தொங்கும் காலண்டரைப் புரட்டுவார். "முன்னாடியா, பின்னாடியா? சரியா யோசிச்சுச் சொல்லும்மா."