லென்ஸைத் தொடுவதற்கு முன்

டிவிடி டிரைவ் மெதுவாகிவிட்டது என்று யாராவது சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தால், நான் உடனே ஸ்குரூ டிரைவரை எடுப்பதில்லை. ஒரு தட்டைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுப்பேன். நல்ல டிரைவ் ஒரே மூச்சில் வேகம் பிடிக்கும். லென்ஸில் தூசி இருந்தால் சுழலும், தணியும், மறுபடி சுழலும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். பத்து நிமிஷத்தில் எழுதிய டிவிடி இப்போது அரை மணிக்கு மேல் இழுக்கிறது, எழுதும்போது மவுஸ்கூடத் திக்கித் திக்கி நகர்கிறது என்றார். முன்பு பார்த்தவர்கள் டிரைவையே மாற்றச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு அந்த மவுஸ்தான் உறுத்தியது. லென்ஸ் அழுக்கானால் மவுஸ் ஏன் திணற வேண்டும்?

டிவைஸ் மேனேஜரில், டிரைவ் இணைந்திருந்த செகண்டரி ஐடிஇ சேனலைத் திறந்தேன். பிஐஓ மோடு என்றிருந்தது. இருந்திருக்க வேண்டியது டிஎம்ஏ. அதில் டிரைவுக்கும் மெமரிக்கும் இடையே தகவல் நேராகப் போய்வரும். அந்தப் பாதையில் 6 பிழைகளுக்கு மேல் நேர்ந்தால் எக்ஸ்பி தானாக பிஐஓவுக்கு இறங்கிவிடும். அப்புறம் எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில். சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். அல்ட்ரா டிஎம்ஏ திரும்பியது.

ஆனால் பிழை வந்தது எதனால்? மூடியைக் கழற்றிப் பார்த்தால், ரிப்பன் கேபிள் கனெக்டர் அருகே மடிந்து, மடிப்பு வெளுத்துப் போயிருந்தது. புதிதாக 80 கம்பி கேபிள் போட்டேன். இதைச் செய்யாமல் அனுப்பியிருந்தால் ஒரு வாரத்தில் திரும்பி வந்திருப்பார்.

லென்ஸ்தான் காரணம் என்று உறுதியானால் மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சு முனைக் குச்சி. உளுத்தம்பருப்பு அளவுள்ள அந்த லென்ஸ் மெல்லிய கம்பிகளில் நிற்கிறது, ஊதினாலே ஆடும். குச்சியின் கனம்கூட அதன்மேல் இறங்கக் கூடாது.

சோதித்துப் பார்க்க அண்ணன் ஒரு தட்டை எடுத்து வேட்டி நுனியால் வட்டமாகத் துடைத்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, நடுவிலிருந்து வெளியே, நேராக." குறுக்கே விழும் கீறலில் விடுபடுவது சிறு துண்டுதான், டிரைவ் அதைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். வட்டக் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடி, ஒரு நீளத்தையே விழுங்கிவிடும்.

எழுதி முடிக்க ஒன்பது நிமிஷம் ஆனது. அதற்குள் அவர் பையிலிருந்த மற்ற தட்டுகளையும் எடுத்து, ஒவ்வொன்றாக நடுவிலிருந்து துடைக்க ஆரம்பித்திருந்தார்.