ஓடாமலே முதுமையடையும் டயர்

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் உண்டு. குளிர்காலம் வந்தால், வடக்கின் பனிக்குத் தப்பி வருவோரின் இழுவை வீடுகளால் அவ்வூர் நிரம்பிவிடும். சமையலறை, படுக்கையறை எல்லாம் சக்கரங்களின் மேல்! பெரியவை நான்கு தொன்னுக்கும் அதிகமானவை.

ஓட்டத்தில் ஒரு டயர் வெடித்தால், கிழிந்த இறப்பர் வீட்டின் அடித்தளத்தையே பிய்த்துவிடும். எனவே புறப்படுமுன் குனிந்து பாருங்கள். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுப் போதாது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அச்சில் கோளாறு இருக்கலாம். அங்குள்ளோர் ஒரு சத நாணயத்தை, லிங்கனின் தலை கீழாக இருக்க, டயரின் பள்ளத்தில் நுழைப்பர். தலை முழுவதும் தெரிந்தால் ஆழம் 1.6 மில்லிமீற்றரிலும் குறைவு, மாற்றியே ஆகவேண்டும்.

ஆனால் பள்ளத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இவ்வண்டிகள் ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் சும்மா நிற்பவை. பள்ளம் புதிதுபோல் இருக்க, இறப்பர் உலர்ந்து வெடிப்புற்றிருக்கும். டயரின் பக்கவாட்டில் உற்பத்தித் திகதியைக் குறிக்கும் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 3519 என்றால், 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகள் கடந்த டயரை நம்பிக் குடும்பத்தோடு நெடும்பயணம் போகலாகாது.

1850களில் அமெரிக்க இராணுவத்தின் ஒட்டகங்களை நடத்த வந்த ஹாஜி அலி, 1902இல் காலமாகி அவ்வூர் மையவாடியிலேயே அடங்கியிருக்கிறார். ஒட்டகத்தின் பாதத்தைப் பாராமல் பாலையில் இறங்குவோர் உண்டா? டயரும் வண்டியின் பாதந்தானே!