மின்சார மோட்டார் சைக்கிளும் மலையிறக்கமும்

எம் தம்பி ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் உத்தியோகம் பார்க்கின்றான். திங்கட்கிழமை விடியலில் சேலத்திலிருந்து மலையேறுவதும், சனிக்கிழமையன்று இறங்கி வீடு வந்து சேர்வதும் அவனது வழக்கம். சென்ற ஆண்டு தன் பழைய பெட்ரோல் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, மீதித் தொகைக்குத் தவணைக் கடன் எழுதிக் கொடுத்து, மின்சார மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். காரணம் யாதென வினவினோம். "அண்ணா, தோட்டத்துக் குடியிருப்பில் மின்சாரத்துக்குப் பணம் பிடிப்பதில்லை. ஏறுவதும் இறங்குவதும் இனிமேல் இலவசம்" என்றான். கணக்கர் கணக்கு என்றெண்ணி நகைத்தோம். அன்னையார் மட்டும் நகைக்கவில்லை. 2022-ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிகள் சில தீப்பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளிற் படித்திருந்தமையால், வண்டியை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றலாகாது என்று அன்றே உத்தரவாகிவிட்டது. எமக்கு வரவிருந்த ஆபத்தோ நெருப்பினால் வந்ததன்று. அதற்கு நேர்மாறான வழியில் வந்தது.

மார்கழி விடுமுறையில் தம்பியோடு இரண்டு நாள் தங்கிவரலாமென்று யாம் பஸ்ஸேறி ஏற்காடு சென்றோம். சனிக்கிழமை காலை அவ்வண்டியிலேயே இருவரும் இறங்குவதென ஏற்பாடு. "இருவர் போகிறோமே, வழியிற் சார்ஜ் குறைந்துவிடக் கூடாது" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை இரவு முழுவதும் வண்டியை மின்சாரத்தில் மாட்டிவைத்தான் தம்பி. விடிந்தபொழுது நூற்றுக்கு நூறு நின்றது. பரீட்சையில் அவன் ஒருநாளும் பெறாத மதிப்பெண் அது எனப் பரிகசித்தோம். மலையிறங்குவதற்கு மின்சாரம் எதற்கு என்று பட்டம் பெற்ற எமக்கும் தோன்றாமற் போனதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அன்று பனி மூட்டம் மரங்களினின்று சொட்டிக்கொண்டிருந்தது, தார்ச்சாலை ஈரமாயிருந்தது. முதல் வளைவை அணுகும்பொழுதே தம்பியின் முதுகு விறைப்பதை யாம் உணர்ந்தோம். பிற சனிக்கிழமைகளில் அவன் முறுக்குப் பிடியை விட்டவுடன், வண்டியின் மோட்டாரே பின்னின்று இழுப்பதுபோலத் தடுத்து, வேகத்தைக் குறைக்கும். இதனை ஓட்டுவோர் 'ரீஜென்' என வழங்குவர். அன்றோ பிடியை விட்டதும் வண்டி மிதிவண்டியைப்போல் தன்போக்கில் உருண்டது. அவன் பிரேக்கை அழுத்தினான். வண்டிக்கு முன்னே டிஸ்க், பின்னே டிரம். இடக்கைப் பிடியை அழுத்தினால் இரண்டும் ஒருங்கே பிடிக்கும் அமைப்பு. வழுக்கலுக்கு அஞ்சி வலக்கைப் பிடியாகிய முன் பிரேக்கைத் தொடாமல், இடக்கைப் பிடியையே நம்பி வளைவுக்கு வளைவு அழுத்தி வந்தான்.

எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ, எண்ணிக்கை நினைவில்லை, ஏதோ கருகும் நாற்றம் வீசிற்று. அருகில் யாரோ சருகு எரிக்கின்றனர் என்றிருந்தோம். அடுத்த வளைவில் கீழிருந்து ஒரு பஸ் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பிற்று. தம்பி பிடியை அழுத்த, அது கைப்பிடிவரை சென்று ஒட்டிக்கொண்டதேயன்றி வண்டி போதிய அளவு நிற்கவில்லை. வேறு வழியின்றி முன் பிரேக்கைப் பிடித்தான். முன் சக்கரம் ஈரத்தில் ஒரு சாண் வழுக்கி, எவ்வாறோ மீண்டும் பிடித்துக்கொண்டது. வண்டி நின்றபொழுது பஸ்ஸின் பக்கத் தகட்டுக்கும் எம் முழங்காலுக்கும் இடையே ஒரு முழம் இருந்தது. பஸ் ஓட்டுநர் எம்மை வையவில்லை. சற்றுநேரம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போங்க தம்பி" என்றார். அவ்வாறே கைப்பிடிச் சுவரில் அரைமணி நேரம் உட்கார்ந்தோம். பின் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்த எமது விரல் கன்றிப்போயிற்று. தம்பி ஒன்றும் பேசவில்லை. வீடு சேர்ந்த பின்னரும், இருவரும் பேசிவைத்ததுபோல, அன்னையாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனினும் எமது விரலிற் கட்டியிருந்த துணி சொல்லிவிட்டது.

நிற்க. விடுமுறை கழிந்து கல்லூரி திறந்ததும், எமது பௌதிக ஆசிரியரிடம் இதனைக் கூறினோம். அவர் முதலிற் கேட்ட கேள்வி, "பாட்டரி நிறைந்திருந்ததோ?" என்பதே. நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்க்க இயலாததுபோல, நிறைந்த பாட்டரி மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளாது. வலிந்து ஏற்றினாற் பாட்டரி கெடும், ஆபத்தும் விளையும். ஆதலின் வண்டியிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி, அந்நிலையில் ரீஜெனைக் குறைத்துவிடும் அல்லது அறவே நிறுத்திவிடும். பாட்டரி மிகக் குளிர்ந்திருக்கும்பொழுதும் ஓரளவு அவ்வாறே நிகழும். பெட்ரோல் வண்டியில் இத்தொல்லையில்லை. கீழ் கியரிற் போட்டு இறங்கினால், எஞ்சினே ஓயாமல் தடுத்துக்கொண்டு வரும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய விதி. மின்சார வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்குக் கியருமில்லை, கிளச்சுமில்லை.

பின்னர் அவர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். வண்டியின் எடை 130 கிலோ, எம்மிருவர் எடை 140 கிலோ, ஆக 270 கிலோ. ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறக்கம் ஆயிரம் மீட்டர் என வைத்துக்கொண்டால், அவ்வுயரத்திலிருந்து இறங்கும் எடை விட்டுக்கொடுக்கும் சக்தி ஏறக்குறைய முக்கால் யூனிட்டு மின்சாரத்துக்குச் சமம். ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றும் சாலையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சியதை ரீஜென் பாட்டரிக்குத் திருப்ப வேண்டும். அது மறுத்துவிட்டால் உள்ளங்கை அகலமுள்ள பிரேக் கட்டைகளே வெப்பமாகத் தாங்கவேண்டும். சூடேறிய டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகும். கட்டையின் பிடிப்பும் தளரும். ஆகவேதான் பிடி கைப்பிடிவரை சென்றது. டிஸ்க் பிரேக்கு வெப்பத்தை எளிதில் வெளிவிடுமாயினும், அதிலுள்ள எண்ணெய் ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, குறைந்த சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கும். டாட்-4 என்னும் வகை, புதிதாயிருக்கையில் 230 பாகையளவும் தாங்குவது. ஈரமேறிய பின் 155 பாகையளவே தாங்குமென்பது அதற்கு விதித்த குறைந்தபட்ச அளவு. கொதித்துக் குமிழியிட்டாற் பிடி பஞ்சுபோலாகிவிடும்.

இதன் பின்னர் எமக்கு ஒரு பித்துப் பிடித்தது. மின்சார வண்டி ஓட்டுவோர் எவரைக் கண்டாலும் நிறுத்தி, பிரேக்கைப் பற்றி வினவத் தொடங்கினோம். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இவ்வண்டிகள் ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகும் நம் நாட்டில், வினவுதற்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

வீடுதோறும் உணவு கொண்டு செல்லும் இளைஞர் ஒருவர், நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர், எமக்குப் புதிய சேதி ஒன்று சொன்னார். தாம் முறுக்குப் பிடியை விட்டவுடன் தம் வண்டி சட்டென வேகம் குறைவதாகவும், பிரேக்கைத் தொடாமையாற் பின்விளக்கு எரிவதில்லையென்றும், ஆதலிற் பின்னால் வருபவர் வந்து மோதுவதாகவும் கூறினார். "இரண்டு தடவை இடி வாங்கிட்டேன் சார். இப்ப விளக்குக்காகவே பிரேக்கை லேசாத் தொட்டுக்கிறேன்" என்றார். ரீஜென் பிடிக்கும்பொழுது தாமே பின்விளக்கு எரியச் செய்யும் வண்டிகளும் உள்ளன. எல்லா வண்டிகளிலும் அவ்வாறு இருக்கவேண்டுமென்று அவர் கேட்பதில் எமக்கு முழு உடன்பாடு. இதற்குச் செலவாவது ஒரு கம்பியும் சிறிது யோசனையுமே.

பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் வேறொன்று காட்டினார். மின்சார வண்டிகளின் பிரேக் கட்டைகள் நெடுநாள் தேயாமலிருப்பதைப் பெருமையாகப் பேசுகின்றனரல்லவா? அவர் கழற்றிக் காட்டிய கட்டை தேயாதிருந்தது உண்மையே. ஆனால் கண்ணாடிபோற் பளபளத்தது. டிரம்மின் உட்புறத்திற் செந்துரு படிந்திருந்தது. "வேலையில்லாத ஆளைத் திடீர்னு மூட்டை தூக்கச் சொன்னா என்னாகும்? அதே கதைதான்" என்றார். வாரத்துக்கொருமுறை வெற்றுச் சாலையில் ரீஜெனைக் குறைத்துவிட்டு, இரு பிரேக்குகளையும் அழுத்தி ஓட்டிப் பார்க்குமாறு தம்மிடம் வருபவர்க்கெல்லாம் அவர் சொல்லிவருகின்றார்.

பள்ளி ஆசிரியை ஒருவர்க்கு நிறுத்துவதைவிடப் புறப்படுவதே அச்சம். வண்டி ஓசையின்றி நிற்பதால், அணைந்திருக்கிறதென்று எண்ணி, முறுக்குப் பிடியைப் பற்றித் தள்ளினாராம். அது பாய்ந்து பள்ளி மதிற்சுவரில் முட்டிற்றாம். நிறுத்துக்காலை இறக்கியவுடன் மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும் ஏற்பாடு வேண்டுமென்கிறார். அது பல வண்டிகளில் வந்துவிட்டது.

கிளச்சு வேண்டும், கியர் வேண்டும் என்போரும் உளர். அவர் கருத்தை யாம் ஏற்கவில்லை. பழகிய கைக்கு ஒரு பிடி இல்லாதது குறையாகத் தோன்றலாம். மோட்டாருக்கு அது குறையன்று. இனி, ஏ.பி.எஸ். ஒன்றே எல்லா நோய்க்கும் மருந்தென்போரும் உளர். சக்கரம் இறுகி வழுக்காதபடி, பிரேக்கை நொடிக்குப் பன்முறை விட்டுவிட்டுப் பிடிக்கும் இக்கருவி, 1988-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்து மோட்டார் சைக்கிளில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் புதிய மாதிரிகளுக்கும், 2019 ஏப்ரல் முதல் எல்லா வண்டிகளுக்கும் விதி வந்தது: 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ்., சிறியவற்றுக்கு இரு சக்கரமும் ஒருங்கே பிடிக்கும் பிரேக்கேனும் இருத்தல் வேண்டும். சிறிய வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். வேண்டுமென்று 2025 ஜூன் மாதத்தில் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டது. அதனை யாம் மனமார வரவேற்கிறோம். அன்று அவ்வீரச் சாலையில் வழுக்கிய முன் சக்கரத்தைக் காத்தது எமது நல்வினையேயன்றிப் பிறிதொன்றுமன்று. எனினும் ஏ.பி.எஸ். வழுக்கலைத் தடுக்குமேயன்றிக் கருகிய டிரம்மைக் குளிரச் செய்யாது. சரளைமண்ணில் நிற்கும் தூரத்தை அது கூட்டவுங்கூடும்.

வேகத்தின் கணக்கையும் இவ்விடத்திற் சொல்லிவிடுகிறோம். நல்ல உலர்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஐந்து மீட்டரில் நிற்குமாயின், 60 கிலோமீட்டர் வேகத்தில் இருபது மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்மடங்காகின்றது. கண் கண்டு கை பிடிக்கும் ஒரு நொடியில் ஓடும் தூரம் இதற்குப் புறம்பு. பின் பிரேக்கையே நம்பும் நம்மவர் பழக்கத்தில் இவ்விருபது மீட்டர் மேலும் நீளும். பிரேக்குப் பிடிக்கையிற் பாரமெல்லாம் முன் சக்கரத்தின்மேற் சாய்வதால், நிறுத்தும் வலிமையிற் பெரும்பங்கு அங்கேதான் இருக்கின்றது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்றும், அவருள் நூற்றுக்கு 44.5 பேர் இருசக்கர வண்டியிற் சென்றோர் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. பஸ்ஸின் தகட்டை ஒரு முழத்தில் கண்டபின், அவ்வெண்களை வெறும் எண்களாகப் படிக்க எம்மால் இயலவில்லை.

தம்பி வண்டியை விற்றுவிடுவதாகச் சொன்னான். வாங்குவதாக வந்தவர் பாதி விலை கேட்டார். தவணையோ இன்னும் இருபத்திரண்டு மாதம் பாக்கி. இரவில் அவன் உறங்கவில்லையென்பதை யாமறிவோம். வண்டியோடு வந்த கைப்புத்தகத்தை ஒருநாள் இருவருமாக உட்கார்ந்து முதலிலிருந்து படித்தோம். பாட்டரி நிறைந்திருக்கையில் ரீஜென் இயங்காது என்பது அதில் ஒரு மூலையிற் சிறிய எழுத்தில் ஒரே வரியில் இருந்தது. வண்டியின் முகப்பிலும் அதற்கென ஒரு சிறு பச்சைக் குறி உண்டு. அன்று அது அணைந்திருந்திருக்கும். அணைந்த விளக்கை எவர் பார்ப்பார்? எரிந்து கண்ணைக் குத்தும் சிவப்பு விளக்காக அதனை வைத்திருக்கலாகாதா என்பதுதான் எமது ஒரே மனத்தாங்கல். விற்றவரும் நகைமுகத்தோடு நாலுவித நிறங்களைக் காட்டினாரேயன்றி, மலைமேல் வேலை பார்க்கும் ஒருவனுக்கு இதனைச் சொல்ல நினைக்கவில்லை.

பட்டறை முதியவர் பின் கட்டைகளை மாற்றிக் கொடுத்தார். தம்பி மறுபடியும் மலையேறினான். அடுத்த சனிக்கிழமை, 78 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திப் புறப்பட்டான். மோட்டார் வழிநெடுகப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. அடிவாரத்தில் நின்று எமக்குத் தொலைபேசியில் 83 என்றான். அவன் குரலில் முன்போல் குறும்பு இருந்தது.

அன்னையார்க்கு மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பி வருவதென்றால் இன்னதென்று இன்னும் விளங்கவில்லை. ஆயினும் சனிக்கிழமை காலைதோறும் ஏற்காட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டாயா?" என்பதற்கு முன்னரே அவர் கேட்பது ஒன்றுண்டு: "எண்பதுக்கு மேல் ஏற்றவில்லையே?"