ஷிப்ட் மாறுகிற இடம்

பொங்கல் விடுமுறை முடிந்து கேட் திறந்த காலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையின் எடை மேடை அறை. வெளியே பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நிற்க, உள்ளே கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. விண்டோஸ் சின்னம் வரும், உடனே நீலத்திரை வரும், மறுபடி முதலிலிருந்து ஓடும். "ஓஎஸ் போயிடுச்சு தம்பி. ஃபார்மட் பண்ணிட்டு புதுசா போட்டுடு" என்றார் எடை மேடை அண்ணன்.

சர்வீஸ் வேலையில் நான் அதிகம் கேட்கும் வார்த்தை இந்த ஃபார்மட்தான். கேட்கும்போதெல்லாம் வயிற்றில் ஒரு கலக்கம் வரும். அதற்குக் காரணம் ஒரு லேப்டாப்.

அரசு தந்த லேப்டாப் அது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் முதல்வர் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். எல்காட் வாங்கித் தந்த அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பழவேற்காட்டு ஏரியில் தோணி ஓட்டிய நாட்களைத் தாத்தா சொல்லச் சொல்ல, நான் லினக்ஸ் பக்கத்தில் பதிவு செய்து வைத்திருந்தேன். ஒருநாள் விண்டோஸை மறுபடி போட்டேன். அதன் பிறகு லினக்ஸ் வரவே இல்லை. எல்லாம் அழிந்தது என்றே முடிவு செய்து, மிச்சமிருந்த பகுதியையும் ஃபார்மட் செய்தேன்.

உண்மையில் அதுவரை எதுவும் அழிந்திருக்கவில்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில் 512 பைட் அளவில் ஒரு சின்ன இடம் உண்டு. எந்த ஓஎஸ்ஸை எழுப்புவது என்பது அங்கிருந்துதான் ஆரம்பமாகும். விண்டோஸ் தன்னைப் போட்டுக்கொள்ளும்போது அந்த இடத்தில் தன் குறிப்பை எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். தாத்தாவின் குரல் வைத்த இடத்திலேயே இருந்தது. சிடியிலிருந்தே ஓடும் ஒரு லினக்ஸும், அதாவது லைவ் சிடியும், அரை மணி நேரமும் போதும், வாசலைத் திரும்பத் திறந்திருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டபோது தாத்தாவும் இல்லை, பதிவும் இல்லை.

ஆகவே அண்ணனிடம், "ஒரு பத்து நிமிஷம் குடுங்கண்ணே" என்றேன்.

கம்ப்யூட்டர் எழுந்திருப்பது ஷிப்ட் மாறுவதைப் போன்றது. மின்சாரம் வந்ததும் முதல் ஆள் பயாஸ். நினைவகம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அந்த 512 பைட்டிடம் சாவியைக் கொடுக்கும். அது பூட் லோடரிடம், பூட் லோடர் ஓஎஸ்ஸின் கருவான கெர்னலிடம். சாவி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகவில்லை என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒன்றுமே வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் முதல் ஆளிடமே கோளாறு. பெரும்பாலும் ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் துடைத்து மாட்டினால் சரியாகும். பூட் டிவைஸ் இல்லை என்று எழுத்து வந்தால் இரண்டாவது கை. இங்கே விண்டோஸ் சின்னம் வரை வந்துவிட்டது. அப்படியென்றால் டிஸ்க் உயிரோடுதான் இருக்கிறது, அதை இதுவரை படித்தும் இருக்கிறார்கள். கடைசி ஆள் சாவியை வாங்கிய பிறகுதான் கதவு திறக்கவில்லை.

நீலத்திரையின் அடியில் 7பி என்று முடியும் எண். டிஸ்க்கை என்னால் தொட முடியவில்லை என்று கரு சொல்வது அது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். கடிகாரம் பல வருஷம் பின்னால் நின்றது.

"லீவுக்கு மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போனீங்களாண்ணே?"

"ஆமா தம்பி, நாலு நாளு."

போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது செத்து எத்தனை காலமோ. கரண்ட் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. மெயினை அணைத்ததும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, பிறந்தபோது இருந்த அமைப்புக்குப் போய்விட்டது. அந்த அமைப்பில் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ. ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பழைய ஐடிஇ முறை மட்டுமே தெரியும். புதிய பேட்டரி போட்டு, முறையை ஐடிஇக்கு மாற்றி, தேதியைச் சரிசெய்தேன். எக்ஸ்பி எழுந்தது.

ஃபார்மட் செய்தோ, வேறு கம்ப்யூட்டர் வாங்கியோ இருந்தால்? எடை மேடையிலிருந்து வரும் ஒன்பது முள் வயரைச் செருக இப்போதைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இடமே இல்லை. அந்த எடை மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் எங்கே என்று ஆலையில் யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்கான எடைச் சீட்டுகள் அந்த ஒரே டிஸ்க்கில் இருந்தன. பழைய கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களைக் கஞ்சர் என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. அநேகமாக அவர்களுக்கு இப்படி ஒரு வயர் இருக்கும்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்த பிறகு பழைய லேப்டாப்புகள் என்னிடம் நிறைய வருகின்றன, லினக்ஸ் போட்டுத் தரச்சொல்லி. பென் டிரைவை வேறு கம்ப்யூட்டரில் செருகினால் வேலை செய்கிறது, இதில் மட்டும் இல்லை, ஆகவே லேப்டாப் போய்விட்டது என்பார்கள். பென் டிரைவை ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் தயாரித்திருப்பார்கள். லேப்டாப்புக்கோ பழைய பயாஸ் பாஷைதான் புரியும். அந்த 512 பைட்டிலிருந்து தொடங்கும் பழைய எம்பிஆர் முறையில் மறுபடி தயாரித்தால் பல சமயம் அப்போதே எழுந்துவிடும். நிஜமான 32 பிட் சிப் என்றால்தான் சங்கடம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் லினக்ஸ் 13இல் அதற்கான நிறுவியே இல்லை, பழைய பதிப்பைத் தேடிப் போக வேண்டும். அப்படியும் போவேன். ஒரு பிள்ளையின் படிப்பு அதில் ஓடுமென்றால் இரண்டு மணி நேரம் பெரிதில்லை.

எடை மேடையில் முதல் லாரி ஏறியது. திரையில் எண்கள் மேலும் கீழும் ஆடி நின்றன. சீட்டு அச்சாகி வந்தது. அண்ணன் அதில் தேதியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு டிரைவரிடம் நீட்டினார்.

"வேலைதான் முடிஞ்சிடுச்சே தம்பி, இன்னும் என்ன?"

"ஒரு காப்பி எடுத்துக்கிறேண்ணே" என்று என் ஹார்டு டிஸ்க்கைச் செருகினேன். அடுத்த லாரி ஹாரன் அடித்தது. சீட்டுகள் ஒவ்வொரு மாதமாக என் டிஸ்க்குக்கு வந்துகொண்டிருந்தன.