அண்ணனுக்குச் சாயங்காலம் ஆகாது

ஜூன் 3, செவ்வாய்

நோட்டு நிறைந்துவிட்டது. அண்ணனுக்குக் கோபம் வரும்போதெல்லாம் மூன்று விஷயம் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்: சற்று முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நாங்கள் என்ன செய்தோம். இன்று முதலிலிருந்து படித்தேன். முக்கால்வாசிச் சண்டை சாயங்காலம் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்தான். குக்கர் விசிலடிக்கும், டிவி ஓடும், பாப்பா டியூஷனிலிருந்து வந்து கதை சொல்வாள், அந்தப் பேச்சுக்கு நடுவில் அம்மா மாத்திரை போட்டாயா என்பார். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

பைக்கிலிருந்து விழுந்ததில் அண்ணனுக்குத் தலையில் அடி. அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துப்போகிறது. சட்டைப் பொத்தான் போடக்கூட அது முயற்சி எடுக்க வேண்டியிருக்கிறது. காலையில் அதட்டலையே தாங்குகிறவரால் அந்தி நேரத்தில் ஒரு கேள்வியைத் தாங்க முடிவதில்லை. நாளை முதல் நாலரை மணிக்கு அவர் அறையில் விளக்கை அணைத்துவிட வேண்டும். டிவி ஏழரைக்கு மேல். அவரிடம் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவது.

ஜூன் 7, சனி

பெரியப்பா வந்திருந்தார். "கையும் காலும் நல்லாத்தானே இருக்குது? சோம்பேறித்தனம் அம்மிணி. பட்டறைக்குப் போனாச் சரியாப் போயிரும்."

எனக்கு நெஞ்சு எரிந்தது. தலைக்கட்டைப் பிரித்ததும் ஆள் பழையபடி ஆகிவிட்டார் என்று ஊர் நினைக்கிறது. நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே இருக்கும் மூளைப்பகுதிதான் வாய்வரை வந்த பேச்சை நிறுத்துகிறது. ஒரு வேலையைத் தொடங்கியும் வைக்கிறது. அங்கே மண்டையோட்டின் உட்பக்கம் கரடுமுரடாக இருக்கும். பைக்கிலிருந்து விழுகிற வேகத்தில் மூளை அதில் உரசிக் கன்றிப்போகிறது. அதனால்தான் ஒரே ஆள் ஒரு நேரம் கொதிக்கிறார், இன்னொரு நேரம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். பெரியப்பா சோம்பல் என்பது இதைத்தான். "குளிங்கண்ணா" என்று சொன்னால் போதும், எழுந்து போய்க் குளித்துவிடுகிறார். அவருக்கு மனமில்லாமல் இல்லை. தொடங்கி வைக்க ஆள் வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணனைப் போல மூளையில் அடிபட்ட ஃபினியஸ் கேஜ் பற்றி இன்று நெடுநேரம் படித்தேன். 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவன்டிஷ் என்ற ஊர். ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி அவர், வயது 25. வெடிமருந்து கிட்டிக்கும் இரும்புக் கம்பி, மூன்றரை அடிக்குச் சற்று மேல் நீளம், ஆறு கிலோ எடை, அவர் கன்னத்தில் ஏறி உச்சந்தலை வழியாக வெளியே போய் விழுந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் சிடுசிடுப்பும் தகாத பேச்சும் வந்துவிட்டன. இவர் பழைய கேஜ் இல்லை என்று கூட்டாளிகள் சொன்னதை, வைத்தியம் பார்த்த ஜான் ஹார்லோ 1868-இல் எழுதி வைத்திருக்கிறார்.

புத்தகங்களில் பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. எனக்கு வேண்டியதோ அதற்குப் பிறகு நடந்தது. கேஜ் 1852-இல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய், பயணிகள் கோச்சு வண்டி ஓட்டிச் சில ஆண்டுகள் பிழைத்தார். 1860-இல் வலிப்பு வந்து இறந்தார். அந்த வண்டி வேலையின் ஒழுங்குதான், தினமும் ஒரே மாதிரி வரும் காரியங்கள்தான், அவரை ஓரளவு மீட்டிருக்க வேண்டும் என்கிறார் அவரைப் பற்றி ஆராய்ந்த மால்கம் மெக்மில்லன். புத்திமதி சொல்லி யாரும் அவரைத் திருத்தவில்லை.

அண்ணனுக்கும் அப்படி ஒரு வேலை வேண்டும். ஆனால் பட்டறையில் லேத் பக்கம் விட முடியாது. சுற்றுகிற சக்கில் யோசிக்காமல் கையை நீட்டிவிடுவார். மாமாவின் ஹார்டுவேர் கடையில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை போல்ட், நட்டு பிரித்துப் போடுகிற வேலை இருக்கிறது. எல்லா நாளும் அதே நாற்காலி, அதே டப்பாக்கள். மாமா சம்மதித்துவிட்டார்.

ஜூலை 5, சனி

அண்ணி சமையலறையில் அழுதார். "வீட்டுலதான் இருக்காருங்க. எனக்குப் பேசறதுக்குத்தான் ஆளில்ல." இறந்திருந்தால் ஊரே வந்து துக்கம் கேட்டிருக்கும். இதற்கு யாரும் வருவதில்லை. ஆள் கண்முன்னே இருக்க, அவரை இழந்து நிற்கும் இந்தத் துயரத்தைத் தனியாக எடுத்துப் பேசியவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல ஆலோசகர். அண்ணியிடம் அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அதைவிட, வாரம் ஒரு நாள் பொள்ளாச்சியில் அவர் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வரட்டும் என்றதில்தான் முகம் தெளிந்தது. சனிக்கிழமை இனி என் பொறுப்பு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வீடு நிறைய சனம். சித்தியின் உடம்பைப் பற்றி அண்ணன் எல்லோர் முன்னாலும் சத்தமாக ஒன்று சொன்னார். பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஆபத்து, மறுபடியும் சொல்லத் தூண்டும். பக்கத்தில் போய், "அப்படிப் பேசக் கூடாதுங்கண்ணா. வாங்க, தோட்டத்துக்குப் போலாம்" என்றேன். வந்துவிட்டார். இரவு உட்கார வைத்து விசாரிக்க அம்மாவுக்கு ஆசை. அதற்குள் நடந்தது அவர் நினைவில் இருக்காது. காரணமே தெரியாமல் திட்டு வாங்கினதாகத்தான் ஆகும். சொல்வதை அந்த நிமிடமே, குரலை உயர்த்தாமல், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். சித்தியிடம் நான் தனியாகப் பேசினேன். பாவம், அவருக்கும் வலித்திருக்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வலிப்பு வராமலிருக்க அண்ணன் சாப்பிடும் லெவெடிராசிடம் மாத்திரை சிலருக்கு எரிச்சலைக் கூட்டுமாம். டாக்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்றுகிறார். நாமாகச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வந்துவிடும் என்று எச்சரித்தார்.

அடிபட்ட அன்று கைகொடுத்தது தமிழக அரசின் "நம்மைக் காக்கும் 48" திட்டம். 2021-இல் வந்தது, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். அது உயிரைக் காப்பாற்றியது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் 49-வது மணியிலிருந்து எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. தலைக்காயம் என்று தனியாக ஒன்று இல்லை. புதன்கிழமை மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமுக்குப் போகிறோம். கை காலை நீட்டச் சொன்னால் அண்ணன் நீட்டுவார், பெயரும் தேதியும் சரியாகச் சொல்வார். பத்து நிமிடம் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கூட வாழ்கிறவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போகிறோம். அண்ணி தானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.