சேற்றில் எரிந்த விளக்கு

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பழவேற்காட்டுக்கு நாம் புறப்பட்டது, டச்சுக்காரரின் பழைய கல்லறைகளைப் பார்ப்பதற்காகவே. 1613-ல் அவர்கள் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. சித்திர வேலைப்பாடமைந்த கல்லறைகள் மட்டும் நிற்கின்றன. ஆனால் நம் நினைவில் நிற்பது கல்லறை அன்று. நான்கு தேங்காய்ச் சிரட்டைகள்!

கல்லறைகளைப் பார்த்த பிறகு ஒரு பெரியவரின் படகில் ஏரிக்குள் போனோம். சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உப்பங்கழி இதுதான். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. இங்குள்ள குப்பங்களில் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். ஏரி கொடுப்பதற்கு ஓர் அளவு உண்டு என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

துடுப்பை நிறுத்திவிட்டுப் பெரியவர் கேட்டார்: "வாத்தியாரய்யா, மண்ணுக்குள்ளே கரண்டு இருக்குதாமே, மெய்தானா?"

அவருடைய பேரன் கைபேசியில் ஒரு படம் பார்த்திருக்கிறான். இரண்டு கம்பிகளை ஈர மண்ணில் நட்டதும் விளக்கு எரிகிறது! அத்தகைய கருவியை ஆறாயிரம் ரூபாய்க்குத் தருவதாக யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார். வீட்டில் மின்சாரம் உண்டு. ஆனால் புயல் அடித்தால் நாட்கணக்கில் நின்றுவிடும். இரவில் படகுக்கும் வெளிச்சம் வேண்டும். புது வலைக்கென்று சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்பதே அவர் யோசனை.

நாம் வாயால் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாணவர் நால்வருடன், பள்ளி விஞ்ஞான மன்றத்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அதே கரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கருஞ்சேற்றில் ஒரு செப்புத் தகட்டையும் ஒரு துத்தநாகத் தகட்டையும் நட்டோம். வோல்ட் மீட்டரின் முள் முக்கால் வோல்ட் அருகே போய் நின்றது. பேரன் கைதட்டினான். சின்னஞ்சிறு சிவப்பு விளக்குக்கே ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். ஆகவே நான்கு ஜோடிகளை நட்டுத் தொடராக இணைத்தோம். நான்கு மடங்கு வரவேண்டும் அல்லவா? வரவில்லை. உப்புச் சேறு எல்லாத் தகடுகளையும் உள்ளுக்குள்ளேயே இணைத்துவிட்டது. பிறகு அதே சேற்றை நான்கு சிரட்டைகளில் தனித்தனியாக அள்ளிவைத்து இணைத்தோம். விளக்கு மினுக்கென்று எரிந்தது.

"மண்தானே கொடுத்தது?" என்றார் பெரியவர்.

"இல்லை, பெரியவரே! கொடுத்தது துத்தநாகம். அது கரையக் கரைய மின்சாரம் வருகிறது. சேறு நடுவே நின்று வழிவிடுகிறது, அவ்வளவுதான்" என்றோம்.

இது புதிய வித்தையும் அன்று. 1840-களில் அலெக்ஸாண்டர் பெயின் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இவ்வாறே தகடுகளைப் புதைத்துக் கடிகாரம் ஓட்டினார். கடிகாரத்துக்குப் போதும், வீட்டுக்குப் போதுமா? ஒரு கிலோ துத்தநாகம் முழுதும் கரைந்தாலும் இம்முறையில் கிடைப்பது அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான். தாதுவிலிருந்து அந்த ஒரு கிலோவைப் பிரித்தெடுக்கவோ 3 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. பத்து ரூபாய் கொடுத்து இரண்டு ரூபாய் வாங்கும் வியாபாரம்!

அப்படியானால் பூமிக்குள் மின்சாரமே கிடையாதா? உண்டு. 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து எழுந்த காந்தப் புயலால் பூமியில் மின்னோட்டம் பெருகியது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே பாட்டரியைக் கழற்றிவிட்டே தந்தி அனுப்பினார்கள். ஆனால் சாதாரண நாளில் ஒரு கிலோமீட்டருக்குச் சில மில்லிவோல்ட் கிடைத்தாலே அதிகம். சேற்றில் வாழும் நுண்ணுயிர்களும் மின்சாரம் தருகின்றன; 1911-ல் பாட்டர் என்ற ஆங்கிலேயர் நுண்ணுயிர்களிடம் இந்தச் சக்தியைக் கண்டார். எனினும் கடலடிச் சேற்றில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது சில பத்து மில்லிவாட் அளவே. தனித்து மிதக்கும் அளவுகருவிக்கு அது உதவும், மின்விசிறிக்கு உதவாது.

அவர் முகம் வாடியது. நல்லவேளை, சொல்ல நல்ல சேதியும் ஒன்று இருந்தது. 2022 ஆகஸ்டில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'சாகர் அன்வேஷிகா' கப்பலில், 'ரோஷ்ணி' என்ற உப்புநீர் விளக்கு அறிமுகம் செய்யப்பட்டது. மீனவரை மனத்திற்கொண்டு செய்த சுதேசி விளக்கு அது. அங்கும் கடல்நீர் எரிபொருள் அன்று. மின்முனைகளுக்கு இடையே மின்சாரம் செல்ல உதவும் திரவமே. ஒரு கைவிளக்கு எரிய அது போதும். அதற்கு மேல் யாராவது சொன்னால், "எந்தத் தகடு கரைகிறது? மாற்றுத் தகடு என்ன விலை?" என்று கேட்கும்படி சொன்னோம்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏரியும் அப்படித்தான் ஐயா. போடாமே எதுவும் வராது" என்று சொல்லி, பேரனைப் பார்த்து, "வலையே வாங்கிடலாம்டா" என்றார்.

பேரன் சிரட்டைகளைக் கேட்டான், கொடுத்துவிட்டோம். துத்தநாகம் தீரும் நாளைக் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறோம். அவனிடமிருந்து வரும் கடிதத்துக்காகக் காத்திருக்கிறோம்.