வண்டி மையும் 90 ஆயிலும்

திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் என்றால் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு வேர்க்கடலைதான். டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்களை விதைத்தே மூன்று தலைமுறை ஓடிவிட்டது. அதே டி.எம்.வி. பெயரில் 5, 6 என்று ஆமணக்கு ரகங்களும் உண்டு. கடலைக்குக் கிடைத்த மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை. எனக்கு மட்டும், பைக்கைத் திண்ணையோரம் சாய்த்து வைத்துக் கிரீஸ் டப்பாவைத் திறந்தால் ஆமணக்கு ஞாபகம் வந்துவிடும்.

கட்டைவண்டி ஓடிய காலத்தில் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை செய்தார்கள். சக்கரத்தைக் கழற்றி, பழைய மையை வழித்தெடுத்து, இருசைத் துடைத்து, அப்புறம்தான் புது மை. வழிக்காமல் மேலே மேலே பூசுகிறவனை வண்டிக்காரன் என்றே மதிக்க மாட்டார்கள். முதல் உலகப் போரில் பறந்த விமானங்களின் சுழல் என்ஜின்களுக்கும் இதே விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். பெட்ரோலில் எளிதில் கரைந்துபோகாது என்பது அதன் பெரிய தகுதி. இன்று டப்பாவில் வாங்கும் லித்தியம் கிரீஸ் 1942இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் காப்புரிமை பெற்ற வழியில் வந்தது. எண்ணெயை ஒரு வகைச் சோப்பு பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான் கிரீஸ். அதற்கு முன் சுண்ணாம்புச் சோப்பில் செய்தார்கள்; அது தண்ணீருக்கு அசையாது, சூட்டுக்கு இளகிவிடும். லித்தியம் இரண்டையும் ஓரளவு தாங்கும்.

ஓரளவு என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை. பின்னாலேயே தென்பெண்ணை பெருகி, அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீருக்குள் போனது. விழுப்புரத்தில் தெருவில் நின்ற வண்டிகளின் நிலையைச் சொல்ல வேண்டாம். தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் கடைகளில் கூட்டம். என்ஜின் ஆயிலைத் திறந்தால் பால் கலந்த டீ மாதிரி வெளுத்து ஊற்றுகிறது. அதை மாற்றி, பிளக்கைத் துடைத்து, கார்புரேட்டரைக் கழுவியதும் வண்டி கிளம்பிவிடும்.

"வீலையும் கழட்டிப் பாத்துடலாம் சார்" என்பார் மெக்கானிக்.

"ஓடுதுல்ல, அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்று கிளம்பிவிடுவார்கள்.

அந்த அப்புறம் பொங்கலுக்குப் பிறகு வந்தது. சக்கரத்தில் கரகரவென்று சத்தம், மிதித்த பிரேக் திரும்பி வராமல் பிடித்துக்கொள்வது, ஹேண்டில் நேராக நிற்கும் இடத்தில் மட்டும் லேசாகச் சிக்குவது. என்ஜினைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த முனகல்கள் சீக்கிரம் எட்டாது.

ஹேண்டில் சிக்குவதைக் கண்டுபிடிப்பது எளிது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கி, ஒரே விரலால் ஹேண்டிலை மெல்லத் திருப்ப வேண்டும். நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், ஹேண்டில் தண்டைத் தாங்கும் கோன் செட் போய்விட்டது என்று பொருள். கிரீஸ் காய்ந்த பிறகு சாலையின் ஒவ்வொரு குழியிலும் குண்டுகள் அதே இடத்தில் மோதி மோதிக் கிண்ணத்தில் தழும்பு விழுந்திருக்கும். தழும்பு விழுந்தபின் கிரீஸ் வைப்பது வீண்; செட்டையே மாற்ற வேண்டும். முன்கூட்டியே பிரித்தால் ஒரு டப்பாக் கிரீஸோடு முடியும் வேலை. பிரிக்கும்போது குண்டுகளை எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. திரும்ப அடுக்கும்போது அவற்றை விழாமல் பிடித்துக்கொள்வதும் அதே கிரீஸ்தான்.

பிரேக் கேம் இதற்கு நேர் எதிர். அங்கே நகக்கண்ணில் எடுக்கிற அளவு போதும். தாராளமாக அப்பினால், டிரம் சூடேறும்போது உருகி லைனரில் தெறிக்கும், பிரேக் வழுக்கும். கிளட்ச் கேபிளுக்குப் பழைய முறையே சிறந்தது: மேல் முனையில் பாலித்தீனைக் கூம்பாகச் சுற்றிக் கட்டி, சில சொட்டு எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்கத் தொங்கவிடுவது. கீழ் முனையில் சொட்டினால் உள்ளே முழுதும் போய்விட்டது. உள்ளே நைலான் குழாய் போட்ட புது கேபிள்களுக்கு இது பெரும்பாலும் தேவையில்லை.

செயினில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை: பின், அதன்மேல் புஷ், அதன்மேல் ரோலர். தேய்வது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வெளியே பளபளவென்று எண்ணெய் வழிகிற செயின் உள்ளே வறண்டு கிடக்கலாம். வண்டி கொஞ்ச தூரம் ஓடிச் சூடாக இருக்கும்போது, மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டு, கீழ்ச் செயினின் உட்பக்கத்தில் 90 ஆயிலை, அதாவது 90ஆம் எண் கியர் ஆயிலை, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சக்கரம் சுழலும்போது எண்ணெய் வெளிநோக்கி, அதாவது செயினுக்குள்ளேயே ஊடுருவும். கால் மணி கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். என்ஜினை ஓடவிட்டு கியர் போட்டுத் துடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்பிராக்கெட்டுக்குத் துணியும் விரலும் ஒன்றுதான். கடையில் வடித்த வேஸ்ட் ஆயிலை ஓசியில் வாங்கிச் செயினில் தடவும் வழக்கமும் ஒழிய வேண்டும். அதில் ஏற்கெனவே இரும்புத் துகள் இருக்கிறது. வானூர்ப் பக்கத்துக் கல் குவாரிப் புழுதியும் அதில் ஒட்டிக்கொண்டால் செயினைச் சாணை பிடிக்கிற கலவை தயார்.

இதையெல்லாம் எப்போது செய்வது என்பதில்தான் வண்டியோடு தரும் கையேட்டோடு எனக்குக் கருத்து வேறுபாடு. 500 கி.மீ., 1,000 கி.மீ. என்று அது ஒரே கணக்கைச் சொல்லிப் போகிறது. விழுப்புரம் பேருந்து நிலையத்துக்கும் வீட்டுக்குமாக ஓடும் வண்டிக்கு அது சரி. கிரஷர் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டிக்கும், மரக்காணம் உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிவரும் எக்ஸ்.எல். வண்டிக்கும் அதே கணக்கா? உப்பு ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். செயினும் ஸ்டாண்ட் ஸ்பிரிங்கும் நிற்கும்போதே துருப்பிடிக்கும். ஓடாத வண்டியில் ஒரு கிலோமீட்டரும் ஏறாது, துரு மட்டும் ஏறும். ஆகவே நான் மழையைக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். புரட்டாசிக் கடைசியில் கோன் செட், வீல் பேரிங், பிரேக் கேம், ஸ்டாண்ட் போல்ட் எல்லாவற்றுக்கும் ஒருமுறை. தை பிறந்ததும் நனைந்த இடங்களை மறுபடி திறந்து பார்ப்பது. நடுவில் எப்போதாவது சக்கரம் அச்சு மூழ்கத் தண்ணீரில் நின்றிருந்தால், எந்த மாதமானாலும் அந்த வாரமே வீலைக் கழற்றிவிடுவது. உப்பு ஏற்றுகிறவர்கள் இதிலும் பாதி இடைவெளிதான் வைக்க வேண்டும். செயினை வாராவாரம் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் 90 ஆயில் விடுவது அவர்களுக்குத் தனி.